இரண்டு சபைக்கும் பொதுவானவள்

சித்தூரில் கிறிஸ்தவர்களிடம் ஒற்றுமை இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். இருக்கிறது. அதை என்னைப்போல் அனுபவித்தவர்கள் ஊரில் வேறு யாரும் இல்லை.

எங்கள் தெருமுனையில் இடது பக்கம் திரும்பினால் கல் கோவில். வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம், கருங்கல் சுவர், உயரத்தில் ஒரு மணி. கைக்குழந்தையாக இருந்தபோது என் நெற்றியில் தண்ணீர் தெளித்து பிரமிளா என்று பெயர் வைத்தது அங்கேதான். வலது பக்கம் திரும்பினால் மாடிச் சபை. கீழே சிமெண்ட் கடை, மேலே தகரக் கூரை, கீபோர்டு, டிரம்ஸ். போர்டில் அதற்கு நீளமாக ஒரு நல்ல பெயர் இருக்கிறது. ஊருக்கு அது மாடிச் சபைதான்.

நான் கல் கோவில், என் கணவர் கோவர்த்தனன் மாடிச் சபை. அவர் விஜயபுரம் பக்கத்தில் வேர்க்கடலை போடுகிற குடும்பம், பிறந்ததிலிருந்து சாமி கும்பிட்டவர். மாம்பழக்கூழ் ஃபேக்டரி ஆபீஸில் வேலை. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். மெட்ராஸுக்கு ட்ரங்க் கால் கேட்டுக் கேட்டே என் குரலைப் பழக்கப்படுத்திக்கொண்டு, கடைசியில் என்னையே கேட்டுவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு இருபது வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோவிலுக்குக் கூப்பிட்டேன். "நீ போய்க்கினு வா, நான் இட்லி ஊத்தி வெக்கறேன்" என்பார். ஊற்றியும் வைப்பார். அப்படிப்பட்ட மனுஷர், மாடிச் சபை பாஸ்டர் சுரேஷ்பாபு ஒரே ஒரு மாங்காய் சீசனில் ஃபேக்டரி வாசலில் பேசிய பேச்சில் மயங்கி, ஒரு தோப்புக் கிணற்றில் முழுகி ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு, ஈரத் தலையோடு வந்து நின்றார்.

"வந்தது வந்தீங்க, எங்க கோவிலாண்ட வந்தா ஆவாதா?" என்று துண்டை அவர் முகத்தில் விட்டெறிந்தேன். மூன்று நாள் பேசவில்லை. நான்காவது நாள் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். காலை எட்டு மணிக்கு இரண்டு பேரும் கல் கோவில், பத்தரைக்கு இரண்டு பேரும் மாடிச் சபை. அங்கே அவர் தூங்குவார், இங்கே நான் காதில் பஞ்சு வைத்துக்கொள்வேன். நடுவில் மணி கடையில் ஒரு டீ. அந்த டீக்காகவே ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று காத்திருந்த காலம் உண்டு.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால்தானோ என்னவோ இரண்டு சபையும் எங்களைத் தத்து எடுத்துக்கொண்டன. போட்டி போட்டுக்கொண்டு எடுத்தன. செவ்வாய்க்கிழமை கல் கோவில் குருவானவர் ஜீவரத்தினம் அய்யர் வந்து கால் மணி நேரம் ஜெபம் செய்தால், வியாழக்கிழமை சுரேஷ்பாபு வந்து அரை மணி நேரம் செய்வார். அடுத்த செவ்வாய் அய்யர் முக்கால் மணிக்கு ஏறிவிடுவார். அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கும். புது வருஷத்துக்கு இரண்டு காலண்டர், கிறிஸ்துமஸுக்கு இரண்டு பாட்டுக் கோஷ்டி, இரண்டு கேக். அய்யரும் பாஸ்டரும் தெருவில் எதிரெதிரே வந்தால் ஒருவர் வானத்தைப் பார்ப்பார், ஒருவர் செருப்பைப் பார்ப்பார். ஆட்டைத் திருடுகிறவன் என்று அய்யர் சொல்ல, ஆட்டைப் பட்டினி போடுகிறவர் என்று பாஸ்டர் சொல்ல, அந்த ஆடு நாங்கள்தான் என்று வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சிரிப்போம். ஆனாலும் தூங்கப் போகும்முன் கோவர்த்தனன் தினமும் ஒரே ஜெபம்தான் செய்வார். "ஆண்டவரே, இந்த ரெண்டு பேரையும் சேத்து வையி." நான் ஆமென் சொல்வேன்.

அவர் போன பிறகுதான் அது பலித்தது. மாடிச் சபைக்குக் கல்லறைத் தோட்டம் கிடையாது. கல் கோவிலுக்கு இருக்கிறது. கமிட்டியோடு மல்லுக்கட்டி அய்யர் இடம் கொடுத்தார். குழிக்கு அந்தப் பக்கம் அய்யர், இந்தப் பக்கம் பாஸ்டர். ஒருவர் புத்தகத்தைப் பார்த்து வாசித்தார், ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கதறினார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வெயிலில் பெட்டி காத்துக் கிடந்தது. என்னால் அதைத் தாங்க முடியவில்லை. "அவர எப்பதாங்க கீழ எறக்குவீங்க?" என்று கத்திவிட்டேன். அப்புறம்தான் பெட்டி இறங்கியது.

அந்தக் கத்தல் இரண்டு பேரையும் சுட்டிருக்க வேண்டும். அடுத்த வாரம் அய்யர் தானாகவே மாடிப்படி ஏறிப் போனார் என்று கேள்விப்பட்டேன். பிறகு பாஸ்டர் கல் கோவிலுக்கு வந்தார். மழையில் வீடு இழந்தவர்களுக்கு இரண்டு சபையும் ஒரே பந்தலில் சோறு போட்டன. டிசம்பர் பிறந்ததும் முனிசிபல் மைதானத்தில் எல்லாச் சபையும் சேர்ந்து ஒரே கிறிஸ்துமஸ் விழா. அந்த மேடையில் அய்யரும் பாஸ்டரும் கைகோத்துக்கொண்டு ஓர் ஒப்பந்தத்தை அறிவித்தார்கள். ஒரு சபையின் ஆட்டை மற்ற சபை இழுக்காது. ஒரு சபை விசுவாசியின் வீட்டுக்குள் மற்ற சபை மேய்ப்பர், அந்தச் சபை மேய்ப்பரைக் கேட்காமல் கால் வைக்க மாட்டார். மைதானமே கைதட்டியது. நான் எழுந்து நின்று தட்டினேன். பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்து, "பாத்தீங்களா?" என்று சொன்னேன்.

அதற்கு அடுத்த செவ்வாய் அய்யர் வரவில்லை. வியாழன் பாஸ்டரும் வரவில்லை. பண்டிகை வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கேரல் பாட வருவார்கள் என்று ஒரு டின் நிறைய முறுக்கு சுட்டு வைத்தேன். சாயங்காலம் கல் கோவில் கோஷ்டி தெருமுனை வரைக்கும் வந்தது, கிதார் சத்தம் கேட்டது. அங்கேயே நின்று என் வீட்டைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டு, திரும்பிப் போய்விட்டது. கோவர்த்தனன் வீடு, மாடிச் சபை வீடாம். மறுநாள் மாடிச் சபை கோஷ்டி தபேலாவோடு வந்தது. அதுவும் அதே இடம் வரைக்கும் வந்து திரும்பிவிட்டது. பிரமிளாம்மா வீடு, கல் கோவில் வீடாம். அந்த முறுக்கைப் பொங்கல் வரைக்கும் நான் ஒருத்தியாகவே தின்றேன்.

வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே என்பீர்கள். ஒருமுறை கோவில் வாசலில் அய்யரிடம், "ஊட்டுப் பக்கமே காணமே" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவரும் சிரித்துக்கொண்டே, "அதான் பாஸ்டர் வர்றாரே அம்மா, நல்ல ஜெப வீரர்" என்றார். மாடியில் பாஸ்டரிடம் கேட்டால், "அய்யகாரு வர்றாரு கதாம்மா, பெரியவங்க" என்று தெலுங்கு கலந்து சொல்லிக் கும்பிட்டார். இதற்கு மேல் வாங்க வாங்க என்று கெஞ்ச எனக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு இடத்துக்கும் போனேன், நடுவில் தனியாக டீ குடித்தேன். மற்ற ஆறு நாளும் எங்கள் வீட்டில் குக்கர் மட்டும்தான் சத்தம் போட்டது.

போன மாதம் திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிருக்கிறது, திறந்துதான் மாற்ற வேண்டும் என்று சொன்னார். நெஞ்சுக்கூட்டைத் திறப்பார்களாம். எனக்குப் பயம் வந்துவிட்டது. சாவுக்குப் பயமில்லை என்று பாட்டெல்லாம் பாடியிருக்கிறேன். அதெல்லாம் பாட்டு. அந்த மேஜைக்குப் போவதற்கு முன்னால் யாராவது ஒருவர் என் தலைமேல் கை வைத்து ஜெபம் செய்ய வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. கல் கோவிலில் ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்கு அய்யர் வந்து அப்பமும் திராட்சை ரசமும் கொடுத்து, தலைமேல் கை வைப்பார். மாடிச் சபையில் பாஸ்டர் எண்ணெய் பூசிக் கை வைப்பார். எந்தக் கையானாலும் சரி என்றிருந்தேன்.

ரோஷத்தை ஓரம் கட்டிவிட்டு அய்யரிடம் போனேன். அவர் நிஜமாகவே கலங்கிப்போனார். "வரணும் அம்மா, கண்டிப்பா வரணும். ஆனா கோவர்த்தனன் அவங்க சபை. நான் முந்திக்கினா பாஸ்டர் மனசு நோவும். இப்பதான் சேந்திருக்கறோம்" என்றார். மாடிப்படி ஏறி பாஸ்டரிடம் போனேன். நெஞ்சு படபடக்க உட்கார்ந்தேன். அவர் தண்ணீர் கொடுத்துவிட்டு, "நீங்க பொறந்த சபை அதும்மா. அய்யகாரு இல்லாம நான் எண்ணெய் பூசினா ஒப்பந்தம் இன்னா ஆவறது?" என்றார்.

"ரெண்டு பேரும் பேசி யாராவது ஒருத்தர் வாங்க. இல்லனா ரெண்டு பேருமா வாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அன்று சாயங்காலமே இரண்டு பேரும் தனித்தனியாக போன் செய்து, ஆபரேஷனுக்கு முந்தின நாள் சேர்ந்தே வருவதாகச் சொன்னார்கள். எனக்குச் சந்தோஷத்தில் பசியே எடுக்கவில்லை. கோவர்த்தனன் கேட்ட ஜெபம் என் தலைமேல் இரண்டு கையாக வந்து உட்காரப்போகிறது என்று நினைத்தேன்.

கோவர்த்தனனின் தம்பி மகன் சுதீர் காரில் கொண்டுவந்து திருப்பதியில் சேர்த்தான். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் போட்டுவிட்டு, "பெத்தம்மா, டூட்டி இருக்குது, ஆபரேஷன் முடியற நேரத்துக்கு வந்துடறேன்" என்று பெங்களூருக்குப் போய்விட்டான். நல்ல பையன்தான். நான்காவது மாடியில் எனக்கும் இன்னொருத்திக்குமாக ஓர் அறை. அவள் பெயர் மணியம்மா, விஜயபுரம் பக்கத்துக் கிராமம், கூலி வேலை. அவளுக்கும் இதயம்தான், என் ஆபரேஷனுக்கு மறுநாள் அவளுக்கு. அவள் புருஷன் முனிசாமி ஒரு மஞ்சள் பையோடு மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார்.

நர்ஸ் ரேகா வந்து, "மீகூட எவரும்மா?" என்று கேட்டாள். கூட யார் என்று கேட்கிறாள். வருவார்கள் என்றேன். பார்வையாளர் நேரம் நான்கிலிருந்து ஆறு வரைக்கும். மூன்று மணிக்கே தலை வாரிக்கொண்டு, புடவைத் தலைப்பைச் சரிசெய்து உட்கார்ந்துவிட்டேன். மணியம்மாவின் தங்கை வந்தாள், மாமியார் வந்தாள், மறுபடி முனிசாமி வந்தார். ஒரு ஆள் இறங்கினால்தான் அடுத்த ஆள் ஏறலாம், ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ்தான் என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள். நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலரைக்கு என் போனில் ஒரு படம் வந்தது. சபைகள் ஐக்கியத்தின் வாட்ஸப் குரூப்பில் போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அய்யரும் பாஸ்டரும் தோளோடு தோள் நிற்கிறார்கள். ஒரே மந்தை, ஒரே ஊழியம், சகோதரியைச் சந்திக்கிறோம் என்று கீழே எழுதியிருந்தது. அதற்குள் நாற்பது பேர் ஆமென் போட்டுவிட்டார்கள். நானும் போட்டேன்.

ஐந்து ஆனது. ஐந்தரை ஆனது. போன் செய்தேன். இரண்டு பேருமே எடுக்கவில்லை. லிஃப்ட் கதவு திறக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆறு மணிக்குப் பெல் அடித்து எல்லோரையும் கீழே இறக்கினார்கள். கடைசியாக ராத்திரித் துணைக்கு என்று தங்கும் முனிசாமி மட்டும் மேலே வந்தார். அவர் கையில் என் பெயர் எழுதிய பாஸும், ஒரு பை ஆரஞ்சுப் பழமும் இருந்தன.

"அக்கா, ஒங்குளுது இதுன்னு செக்யூரிட்டி குடுத்தான்" என்றார். "வெள்ளச் சொக்கா போட்டுக்கினு ரெண்டு பேரு. நான் அவங்க பின்னாலதான் கியூவுல இருந்தேன். நீங்க மொதல்ல போங்கன்னு இவுரு சொல்றாரு, நீங்கதான் மொதல்லன்னு அவுரு சொல்றாரு. பாஸ இவுரு கையில அவுரு திணிக்கறாரு, அவுரு கையில இவுரு திணிக்கறாரு. கியூவே நின்னு வேடிக்க பாக்குது."

"அப்பறம்?"

"பெரியவரு, நான் இங்க நின்னா நீங்க போவமாட்டீங்க, நான் டீ குடிச்சிட்டு வரேன், நீங்க போங்கன்னுட்டு ரோட்டுக்குப் போனாரு. அப்பிடியே பஸ் ஏறிட்டாரு, நான் பாத்தேன். சின்னவரு கொஞ்ச நேரம் பாஸ வெச்சிக்கினு நின்னாரு. அப்பறம் செக்யூரிட்டி கையில குடுத்து, அய்யகாரு வருவாரு, அவுரு போனப்பறம்தான் நானு, நான் இருந்தா அவுரு கூச்சப்படுவாருன்னு சொல்லிட்டு அவரும் வண்டிய எடுத்துக்கினு போய்ட்டாரு." முனிசாமி தலையைச் சொறிந்தார். "அவங்க இன்னாத்துக்கு வந்தாங்க அக்கா?"

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். கோவர்த்தனன் செத்த அன்றுகூட நான் இவ்வளவு தனியாக இருந்ததில்லை. அன்றைக்குச் சண்டை போடவாவது இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் விரோதிகளாகவே இருந்திருந்தால் இந்நேரம் படியில் முட்டிமோதிக்கொண்டு ஏறி வந்திருப்பார்கள். அப்படி நினைத்தது பாவம் என்று தெரியும். ஆனாலும் நினைத்தேன்.

காலையில் ரேகா பச்சை கவுன் மாட்டிவிட்டு, ஸ்ட்ரெச்சர் வரும், போனை மணியம்மாவிடம் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். கொடுக்கப் போகும்போது மணி அடித்தது. அய்யர்.

"ஸ்தோத்திரம் அம்மா. மனசு தைரியமா இருக்குதா? நேத்து பாஸ்டர் நல்லா ஜெபம் பண்ணாரா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொரு போன் கால் உள்ளே வந்தது. சுரேஷ்பாபு. அய்யரை நிறுத்திவைத்துவிட்டு அதை எடுத்தேன். "வந்தனாலும்மா. அய்யகாரு வந்து அப்பம் குடுத்தாரா? எனக்கு ரொம்ப சந்தோஷம்" என்றார். அவர் குரலில் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

எக்ஸ்சேஞ்சில் எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது ஒன்று உண்டு. இந்த முனையையும் அந்த முனையையும் சேர்த்துவிட்டு, "பேசுங்க" என்று சொல்லிவிட்டு, ஆபரேட்டர் லைனிலிருந்து விலகிவிட வேண்டும். அவர்கள் பேச்சில் நமக்கு இடமில்லை. அந்தக் காலத்தில் ஊரில் பாதிப் பேரை நான்தான் சேர்த்துவைத்தேன். போனில் இரண்டு லைனையும் ஒன்றாக்கும் பட்டனை அழுத்தினேன்.

"ரெண்டு பேரும் லைன்ல இருக்கறீங்க. நேத்து யாரும் மேல வர்ல. இப்ப ஸ்ட்ரெச்சர் வருது. எனக்குப் பயமா இருக்குது. யாராவது ஜெபம் பண்ணுங்க" என்றேன்.

"அய்யோ பாஸ்டர், நீங்க போவலியா?" என்றார் அய்யர். "அய்யகாரு, நீங்க டீ குடிச்சிட்டு மேல போனீங்கன்னு நெனச்சேனே!" என்றார் பாஸ்டர். "என்ன மன்னிக்கணும் பாஸ்டர், தப்பு என்னுது." "லேதய்யா, நீங்கதான் என்ன மன்னிக்கணும்." இரண்டு பேரும் உருகி உருகி ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். பாஸ்டர் அழுதேவிட்டார்.

"சரி, நேரமில்ல. நீங்க ஆரம்பிங்க பாஸ்டர்" என்றார் அய்யர்.

"பெரியவங்க இருக்கறப்ப நானா? நீங்க ஆரம்பிங்க அய்யகாரு."

"மொறைப்படி நீங்கதான்."

"பேசுங்க" என்று சொல்லிவிட்டு போனைத் தலையணைமேல் வைத்துவிட்டேன்.

கதவருகே ஸ்ட்ரெச்சர் சக்கரத்தின் சத்தம் கேட்டது. மணியம்மா தன் கட்டிலிலிருந்து எழுந்து வந்து போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பூஜ ஆயிட்ச்சா அக்கா?" என்று கேட்டாள்.

"இன்னும் ஆரம்பிக்கல" என்றேன். "உன் கையக் குடு."

கொடுத்தாள். களை பறித்துக் காய்த்துப்போன கை, சூடாக இருந்தது. அதை எடுத்து என் தலைமேல் வைத்துக்கொண்டேன்.

"நான் இன்னா சொல்லணும்?" என்று பயந்துபோய்க் கேட்டாள்.

"ஒண்ணும் சொல்ல வாணாம். எடுக்காம வெச்சிக்கினு இரு."

அவள் எடுக்கவில்லை. ஸ்ட்ரெச்சர் வந்து கட்டிலோடு ஒட்டி நிற்கிற வரைக்கும் எடுக்கவில்லை. தலையணைமேல் போன் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தது.